பதினாலு அஞ்சு பதினொண்ணு

2013ஆம் வருஷம் பிறந்த ஒரு காருக்கு 2011ஆம் வருஷமே வைத்தியம் நடந்திருக்கிறது. யாரோ சொல்லிக் கேட்டதில்லை, என் கண்ணால் பார்த்தேன். திண்டிவனத்தில், பட்டப்பகலில்.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் மனைவி முகத்தைப் பார்ப்பார்கள். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். முப்பத்தாறு வருஷம் விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து ரயிலேறி டிக்கெட் கேட்டவன் நான். மனிதன் கண்டுபிடித்த அத்தனை பொய்களையும் ஓடுகிற வண்டியில் நின்றபடி கேட்டு முடித்திருக்கிறேன். ஒரே மாமனாரின் கருமாதிக்கு ஏழு தடவை போன ஆளை எனக்குத் தெரியும். ஓய்வு பெற்றபோது அந்தப் பொய்களை எல்லாம் இலாகாவிடம் ஒப்படைக்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன், அதிலிருந்துதான் தினம் எடுத்துச் செலவழிக்கிறேன் என்பது ஜமீலா பீவியின் அபிப்பிராயம். "சார் பத்து சொன்னா ஒண்ண எடுத்துக்கணும், அந்த ஒண்ணயும் கழுவி எடுத்துக்கணும்" என்பார்.

ஜமீலா பீவி, மெக்கானிக் ஜெகபர் அலியின் மனைவி. பாயின் ஷெட் திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டில் இருக்கிறது. தகரக் கூரை, முன்னால் ஒரு வேப்பமரம், எதிரே மல்லாட்டை மண்டி, வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. போர்டு கிடையாது. பிரெஞ்சு கார் வைத்திருக்கிறவனுக்கு போர்டு தேவையில்லை, வண்டியே தடம் தெரிந்து வந்துவிடும். புதுச்சேரியில் பாரிஸ் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கி, பத்து வருஷம் ஓட்டி அலுத்த பிறகு, அந்த வண்டிகள் மேற்கே இறங்கி எங்கள் பக்கம் வந்து சேரும். எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்ல மாட்டேன். எனக்கும் ஒன்று உண்டு, பச்சை நிறம். வைப்பரைப் போட்டால் ஹார்ன் அடிக்கும். ஒரு தடவை கூட்டேரிப்பட்டில் இண்டிகேட்டர் போட்டேன், மயிலம் கோயிலில் மணி அடித்தது.

இந்த வண்டிகளுக்கு உடம்பெல்லாம் மூளை. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று. பெரிய சர்வீஸ் சென்டர்களில் இருக்கும் புது மிஷின்கள் புது வண்டியோடு மட்டும்தான் பேசும். பழசைக் கொண்டுபோனால், 'இதுக்கு இப்ப சாப்ட்வேர் வர்றதில்ல சார், எடைக்குப் போட்டுடுங்க' என்பார்கள். பாயிடம் அந்தப் பழைய சாப்ட்வேர் இருந்தது. துபாயில் அவர் வேலை பார்த்த பட்டறையில் கழித்துப்போட்ட கறுப்பு லேப்டாப், செங்கல் கனம், திரையின் மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைத் திருஷ்டிப் பொட்டு என்பான் பெரியதம்பி.

பெரியதம்பி பாயின் கூட்டாளி. அனந்தபுரத்துக்காரன், டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன், சொந்த நிலம் உண்டு. என்ஜின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவான். பாய் துபாயிலிருந்து வந்த மறுவருஷம் இருவரும் சேர்ந்து ஷெட் போட்டார்கள். பாய் அவனைத் தம்பி என்பார். ஜமீலா பீவி அண்ணே என்பார். அவர்கள் மகள் அப்ஸானாவுக்கு அவன் மாமா.

அந்த லேப்டாப்புக்கு இரண்டு குணம். ஒன்று, பிரெஞ்சில்தான் பேசும். அதற்குத்தான் நான். என் வண்டியோடு அங்கே போய்ப் போய், அகராதியை வைத்துக்கொண்டு நாற்பது வார்த்தை கற்றுக்கொண்டேன், நாற்பதும் வியாதிகள். காதலுக்குப் பிரெஞ்சில் என்னவென்று தெரியாது, அடைத்துக்கொண்ட புகைக்குழாய்க்குத் தெரியும். பழுது என்பதற்கு அவர்கள் பாஷையில் 'தெஃபோ'. ஷெட்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. எதிரே டீ விற்கும் அஞ்சம்மாள்கூட, "இன்னிக்கி முட்டியில தெஃபோ சார், நிக்க முடியல" என்பாள்.

இரண்டாவது குணம் தேதி. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்து எத்தனையோ காலம் ஆகிறது. அதனால் ஒவ்வொரு தடவை போடும்போதும், இன்று என்ன தேதி என்று கேட்கும். உண்மையான தேதியைச் சொன்னால், காலாவதி என்று வாயை மூடிக்கொள்ளும். 2011க்குள் ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். இருவருக்கும் மறக்காத தேதி ஒன்றுதான், ஷெட் திறந்த நாள். தேர்தல் முடிவு வந்த மறுநாள், ரோடெல்லாம் பட்டாசுக் காகிதம் கிடந்த சனிக்கிழமை. பதினாலு அஞ்சு பதினொண்ணு. பதின்மூன்று வருஷமாக அந்த ஷெட்டில் தினமும் அதே சனிக்கிழமைதான் விடிந்தது.

ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் லேப்டாப்பின் வயரை மாட்டிப் பார்த்த வண்டிக்கு மற்றவர் மாட்டுவதில்லை. 'நீ பாத்தியா?' 'பாத்தேன்.' 'அப்ப சரி.' அவ்வளவுதான். 2016இல் விக்கிரவாண்டி பக்கத்தில் பாய் லாரியில் அடிபட்டுக் கிடந்தபோது இரண்டு பாட்டில் ரத்தம் கொடுத்தவன் பெரியதம்பி. நான் ஊரில் சொல்லும்போது ஆறு பாட்டில் என்று சொல்வேன். அந்த ரத்தத்துக்குப் பிறகு வயரை மறுபடி மாட்டிப் பார்ப்பது அவமரியாதை என்று பாய் நினைத்தார்.

இன்னொரு வழக்கம் வெள்ளிக்கிழமை. பன்னிரண்டரைக்குப் பாய் தொழுகைக்குப் போய்விடுவார், திரும்ப இரண்டு மணி ஆகும். அதுவரை ஷெட் பெரியதம்பி கையில். ஜமீலா பீவி நெய்ச்சோறும் தாளிச்சாவும் அடுக்கு கேரியரில் கொண்டுவந்து, பாய்க்கு முன்னால் அவனுக்குப் போடுவார். "அண்ணன் பசி தாங்காது" என்பார். வெள்ளிக்கிழமை நான் அங்கே போவதில்லை. அன்று என் மனைவி என்னைக் கோயிலுக்கு இழுத்துப் போவாள், என் பொய்களுக்காக.

ஜூன் மாதம் அப்ஸானாவுக்கு விழுப்புரத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. புருஷன் கத்தாரில். மூன்று வயது மகளோடு அவள் திண்டிவனத்தில் பெற்றோர் வீட்டில் இருந்தாள். தினம் எண்பது கிலோமீட்டர் போய்வர வேண்டும். பெரியதம்பிதான் விழுப்புரத்தில் ஒரு புரோக்கரிடம் வெள்ளை வண்டி ஒன்று இருப்பதாகச் சொன்னான். அதைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று நான் அங்கே இருந்தேன்.

"பாய், வண்டி கண்ணாடி மாதிரி கீது. அறுபத்திரெண்டாயிரந்தான் ஓடியிருக்குது."

"வயரு மாட்டினியா?"

"மாட்டிட்டேன். ஒரு தெஃபோ இல்ல. பெல்ட்டு மூடியத் தொறந்து பாத்தேன். பெல்ட்டு புதுசு."

"நீ பாத்தியா?"

"நான் பாத்தேன்."

"அப்ப சரி."

பெல்ட் என்பது என்ஜினுக்குள் ஓடும் பல் வைத்த ரப்பர் பட்டை. காலத்தில் மாற்றாமல் விட்டால் ஓடும்போதே அறும். அறுந்தால் உள்ளே வால்வுகள் பிஸ்டனில் மோதி, அந்த நொடியே என்ஜின் செத்துப்போகும். அதைப் புதுசு என்று அவன் சொன்னபிறகு, பாய் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த மயில் ஸ்டிக்கரைத் தட்டிச் சிரித்தார். "மயிலத்துக்காரன் வண்டியா? கெடக்கட்டும், அழகாத்தான் கீது" என்றார். அப்ஸானா அதைக் கிழிக்கவில்லை. அவள் மகளுக்கு மயில் பிடித்திருந்தது.

செப்டம்பர் கடைசியில் ஒரு புதன்கிழமை, காலை எட்டரைக்கு, கூட்டேரிப்பட்டு தாண்டி அந்த பெல்ட் அறுந்தது. மகளுக்குப் பல்வலி, விழுப்புரத்தில் காட்டலாம் என்று பின்சீட்டில் உட்காரவைத்துப் போயிருந்தாள். எண்பதில் போன வண்டி திடீரென்று ஊமையாகிவிட்டது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் வந்த ஜல்லி லாரிக்காரன் பிரேக்கின் மேல் ஏறி நின்றான். லாரிக்கும் மயிலுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி என்றாள் அப்ஸானா. நான் சொல்லும்போது இரண்டு விரல் என்று சொல்வேன். அவள் முழங்கை கதவில் இடித்து வீங்கியது, குழந்தைக்கு ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை காலை நான் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் பிடித்துப் போனபோது வண்டியை ஷெட்டுக்கு இழுத்து வந்திருந்தார்கள். மழை வருவதுபோல் வானம் கறுத்து, புழுக்கம் சட்டையைப் பிழிந்தது. எதிர் மண்டியில் டிராக்டர் டிராக்டராகப் பச்சை மல்லாட்டை இறங்கிக்கொண்டிருந்தது. பெரியதம்பி மூன்று நாளாக அனந்தபுரத்தில், அவர்கள் நிலத்திலும் மல்லாட்டை பிடுங்கும் வேலை.

பாய் தனியாக வேலை செய்தார். முன் சக்கரத்தைக் கழற்றி, என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, தாங்கியைக் கழற்றினார். மூடிக்கு ஐந்து போல்ட். ஐந்தாவதைக் கழற்றும்போதே கறுப்புத் தூள் கொட்டியது. கையை விட்டு, அறுந்த பட்டையை வெளியே எடுத்தார். விரலால் வளைத்தார், காய்ந்த புளியங்காய் ஓடு மாதிரி பட்டென்று உடைந்தது. பல் பாதிக்கு மேல் இல்லை. மேலே அச்சடித்த எழுத்து தேய்ந்து வழுவழுவென்றிருந்தது.

"இன்னா சார் இது," என்றார்.

அப்ஸானா முழங்கையில் கட்டோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஜமீலா பீவி அஞ்சம்மாள் கடை டீயை எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மாமா நாலு தடவ போன் பண்ணாரு அத்தா," என்று அப்ஸானா தகப்பனிடம் சொன்னாள். "சர்வீசுக்குக் கொண்டா, ஜல்தியா கொண்டா, பெல்ட்ட ஒரு தடவ பாத்துடலாம்னு. எனக்குத்தான் லீவு கெடைக்கல. மாமா பேச்சக் கேட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல."

"பாத்தியா, புள்ள மேல எவ்ளோ அக்கறை," என்றார் ஜமீலா பீவி.

பாய் நிமிர்ந்தார். புது பெல்ட்டுக்கு எதற்கு நாலு போன் என்று எனக்குத் தோன்றியது. பாய்க்கும் தோன்றியிருக்க வேண்டும். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போய் லேப்டாப்பை எடுத்துவந்தார். பதின்மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, பெரியதம்பி மாட்டிய வண்டிக்கு அவர் வயர் மாட்டினார். மாட்டும்போது மகளைப் பார்க்கவில்லை.

தேதி கேட்டது. பதினாலு அஞ்சு பதினொண்ணு.

மீட்டர் அறுபத்தொன்பதாயிரம் என்றது. என்ஜினின் மூளையில் பழைய நோய்களின் பட்டியல் இருக்கும், எந்த நோய் எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்பதோடு. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன்.

"பாய், புகைக்குழாய் அடைச்சிருக்கு. ஒரு லட்சத்து எழுபத்து மூணாயிரத்துல."

"சரியாப் பாருங்க சார்."

"நம்பருக்கு மொழிபெயர்ப்பு வேணாம் பாய். நீங்களே பாருங்க."

அறுபத்தொன்பதாயிரம் ஓடிய வண்டிக்கு ஒன்றே முக்கால் லட்சத்தில் மூச்சுத் திணறியிருக்கிறது. மீட்டரைத் திருப்பியவன் என்ஜினின் ஞாபகத்தை அழிக்க மறந்துவிட்டான். ஆனால் யார் திருப்பினார்கள்? புரோக்கரை அல்லா கேட்பான் என்று ஜமீலா பீவி சபித்தார். நான் பட்டனை அழுத்திக்கொண்டே போனேன். எனக்கு அது வியாதி, ரயிலில் அபாயச் சங்கிலியைக்கூட இழுத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் திறக்காத ஒரு பக்கம் வந்தது. எந்த மூளையில் யார் எதை மாற்றினாலும், மாற்றிய மிஷின் தன் தேதியைத் தானே அங்கே எழுதிவிட்டுப் போகும், வெறுமனே படித்தால் எழுதாது போலிருக்கிறது. மீட்டர் மூளைக்கு நேராக இருந்தது.

14/05/2011.

நான் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். வண்டி பிறந்தது 2013 மார்ச்.

"பொறக்கறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஆபரேஷன்," என்றேன். எனக்கு ஒரு நொடி குதூகலமாகத்தான் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். வாழ்நாளில் இப்படி ஒரு பொய்யை நான் யோசித்ததே இல்லை, அது உண்மையாக வேறு இருந்தது. பிறகு பாயின் முகத்தைப் பார்த்தேன்.

வேறு எந்தப் பட்டறை மிஷினாக இருந்தாலும் உண்மையான தேதியைத்தான் எழுதியிருக்கும். ஒவ்வொரு நாளையும் அந்தச் சனிக்கிழமை என்று நம்புகிற மிஷின் ஒன்றுதான். அது அவர் மடியில் இருந்தது. அதற்கு அந்தத் தேதியைச் சொல்லித் திறக்கிறவர்கள் இரண்டே பேர்.

"சார், இன்னொரு தடவ படிங்க," என்றார்.

படித்தேன். மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

ஜமீலா பீவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார் படிக்கிறீங்க? பொறக்காத வண்டிக்கு எவனாவது வைத்தியம் பாப்பானா? போன மாசம் இன்னா சொன்னீங்க, மேல்மருவத்தூர்ல கொரங்கு டிக்கெட்டு காட்டுச்சுன்னு சொன்னீங்க."

"அது வேற விஷயம்."

"அந்தக் கொரங்குக்கு சீசன் டிக்கெட்டுன்னு சொன்னீங்க. எங்க அண்ணன் அப்படிப் பண்ற ஆளு இல்ல. இவரு ஒடம்புல ஓடறது அண்ணன் ரத்தம். இது நடக்கல. பொட்டி கெட்டுப்போச்சு, அதான்."

வண்டியின் பின்பக்கம் சாய்ந்து நின்று சொன்னார். கண்ணாடியைப் பார்க்காமலே அவர் விரல் நகம் அந்த மயிலின் வாலைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

பாய் மெதுவாகச் சொன்னார். "அவன் பண்ணியிருந்தான்னா எனக்கு தம்பியும் இல்ல, ஷெட்டும் இல்ல சார். தனியா நான் எந்த வண்டிய நம்பித் தொறப்பேன்?"

மறுநாள் வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போகவில்லை. ஷெட்டில் இருந்தேன். பன்னிரண்டு மணிக்குப் பெரியதம்பி வந்தான், பைக்கில் முன்னால் ஒரு மூட்டை பச்சை மல்லாட்டையோடு. கால்சட்டையில் செம்மண். வண்டியைப் பார்த்ததும் ஓடிவந்தான். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே? கொழந்தைக்கி?" அந்தப் பதற்றம் பொய்யில்லை. டிக்கெட் இல்லாதவனின் பதற்றமும் பொய்யாக இருப்பதில்லை.

பாய் தொழுதுவிட்டு வந்தபோது இரண்டு மணி. ஜமீலா பீவியும் கேரியரோடு வந்துவிட்டார். பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அந்த பெல்ட்டை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இத பாரு தம்பி."

"டூப்ளிகேட்டு போல கீது பாய். இப்ப எல்லாமே டூப்ளிகேட்டுதான்."

"புதுசுன்னு சொன்ன."

"பாக்கப் புதுசாத்தான் இருந்துச்சு."

பாய் லேப்டாப்பை அவன் முன்னால் வைத்தார். "தேதி கேக்குது. போடு."

பெரியதம்பி யோசிக்காமல் போட்டான். அவன் விரல்களுக்குக் கண் வேண்டியதில்லை. பதினாலு, அஞ்சு, பதினொண்ணு. பாய் வயரை மாட்டி, நான் காட்டிய பக்கத்தைத் திறந்து, திரையை அவன் பக்கம் திருப்பினார். அவன் போட்ட தேதியே அங்கே இருந்தது.

"இந்தத் தேதிய ஒலகத்துல ரெண்டு பேருதான் போடுவாங்க. ஒருத்தன் நானு."

பெரியதம்பி திரையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "இத யாரு படிச்சிச் சொன்னது? சாரா? ஏன் பாய், கொரங்குகிட்ட டிக்கெட்டு கேட்டவரு பேச்சக் கேட்டுக்கினா என்ன சந்தேகப்படற?"

அந்த நிமிஷம் என் ஆயுளில் சொன்ன அத்தனை பொய்களுக்காகவும் வருந்தினேன், குரங்கைத் தவிர. அந்தக் குரங்கு உண்மை. ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அதுவும் ஒரு கதையாகிவிடும்.

"அப்படியே எவனோ மாத்தியிருக்கட்டும்," என்றான் பெரியதம்பி. "நம்பர்தானே பாய். நாமளே தெனம் பொய்த் தேதி போட்டுத்தான ஷெட்ட தொறக்கறோம்."

"அது இந்த டப்பாவுக்குச் சொல்ற பொய்டா. கிலோமீட்டரு, உள்ள குந்திக்கினு போறவங்களுக்குச் சொல்ற பொய். என் பேத்தி குந்தியிருந்தா."

"எனக்குத் தெரியாது பாய். என் புள்ளைங்க மேல சத்தியமா நான் கை வைக்கல. உனக்கு ரத்தம் குடுத்தவன் நானு."

பாய் அவனையே பார்த்தார். அவர் முகம் இளகுவதை நான் பார்த்தேன். முதல் மழையில் மண் இளகுவது மாதிரி. அவர் நம்பத் தயாராகிவிட்டார், நம்புவதற்கு ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்றிருந்தார். கையை நீட்டி லேப்டாப்பை மூடினார்.

"சார், நீங்க தப்பா ஏதோ பட்டன அமுக்கிட்டீங்க," என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

பெரியதம்பி மூச்சு விட்டான். தைரியம் வந்துவிட்டது. "நீயே சொல்லு தங்கச்சி, நான் அப்படிப் பண்ற ஆளா?"

ஜமீலா பீவி கேரியரைத் திறந்து, வழக்கம்போல் முதல் தட்டை அவனுக்கு வைத்து, நெய்ச்சோற்றில் கரண்டியை விட்டிருந்தார். கரண்டி அப்படியே நின்றது. மேலே தகரத்தில் நாலைந்து தூறல் விழுந்து நின்றுபோனது.

"நோம்புப் பெருநாளு முடிஞ்சி மூணாவது வெள்ளி," என்றார். "இதே மாதிரி சோறு எடுத்தாந்தேன். வெள்ள வண்டி ஒண்ணு இங்கதான் நின்னுது. பின்னாடி மயிலு. நீ முன்சீட்டுல குந்திக்கினு இருந்த, மடியில இந்தப் பொட்டி. பக்கத்துல விழுப்புரத்துப் புரோக்கரு."

"தங்கச்சி..."

"இரு. அப்ஸானாவுக்கு வண்டி எடுத்தாந்த அன்னிக்கி அந்த மயிலப் பாத்துட்டு உன்னத்தான் கேட்டேன். அது வேற வண்டி, மயிலத்துக்குப் போறவன் எல்லாம் ஒட்டறதுன்னு சொன்ன. அண்ணன் சொல்றாரேன்னு நானும் விட்டுட்டேன். நேத்து சார் படிக்கும்போதே எனக்குத் தெரியும். தெரியக் கூடாதுன்னுதான் அவர அந்தத் திட்டு திட்டினேன்."

பெரியதம்பி எழுந்தான். எதற்கோ கையை நீட்டினான், பெல்ட் கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தான், எடுக்கவில்லை. பாய் தொப்பியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார், மடித்ததையே திரும்பத் திரும்ப.

ஜமீலா பீவி அவன் முன்னால் இருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சோற்றைக் கேரியரில் திரும்பப் போட்டார், ஒரு பருக்கை விடாமல். பிறகு என் பக்கம் திரும்பினார். என்னோடு பழகிய இத்தனை வருஷத்தில் அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்தது அன்றுதான்.

"நடந்துச்சு சார். நீங்க சொன்னது நடந்துச்சு. பொறக்கறதுக்கு முன்னாடிதான் வைத்தியம் பாத்தாங்க. பாத்து முடிச்ச கைக்கி, அந்தப் புரோக்கருக்கும் சேத்து, நான்தான் சோறு போட்டேன்."